அஃறிணைக்குள் ஒளிதல்: ஓர் ஆங்கில வகுப்பின் நிகழ்வு ஆய்வு

கல்லூரி முதலாண்டு ஆங்கில வகுப்பில் அரசியல் மொழியை வாசிக்கவும், வாசித்ததைப் பற்றி எழுதவும் நான்கு வாரம் ஒதுக்கியிருந்தேன். அதில் முதல் வாரம் வீணாகிவிட்டது. இப்படி எழுதிவிட்டு உடனே திருத்த வேண்டியிருக்கிறது. வாரம் தானாக வீணாகவில்லை, நான்தான் வீணாக்கினேன். ‘வீணாகிவிட்டது’ என்பதிலிருந்து ‘வீணாக்கினேன்’ என்பதற்கு வந்துசேர எங்கள் வகுப்புக்கு மீதி மூன்று வாரம் பிடித்தது. அந்தப் பயணத்தின் பதிவு இது.

வகுப்பில் பல துறை மாணவர்கள் கலந்திருந்தார்கள். பெரும்பாலோருக்கு வீட்டு மொழி தமிழ். ஆங்கிலத்தைப் பள்ளியில் இலக்கணப் பயிற்சியாகவே படித்து வந்தவர்கள். செய்வினையைச் செயப்பாட்டு வினையாக மாற்றச் சொன்னால் தூக்கத்திலும் மாற்றுவார்கள். கண்ணன் கடிதம் எழுதினான்; கடிதம் கண்ணனால் எழுதப்பட்டது. இப்படி எத்தனை கடிதங்களைக் கண்ணன் தலையில் கட்டியிருப்பார்களோ! ஆனால் ஒருவர் எதற்காக அப்படி மாற்ற வேண்டும், மாற்றிய பிறகு ‘கண்ணனால்’ என்ற சொல்லை ஏன் சத்தமில்லாமல் கழற்றிவிட வேண்டும் என்று யாரும் அவர்களிடம் கேட்டதில்லை. தேர்வில் அதற்கு மதிப்பெண் கிடையாது.

விதி பிடித்துப்போன வாரம்

அரசியலையும் ஆங்கில மொழியையும் பற்றி ஆங்கில எழுத்தாளர் ஜார்ஜ் ஆர்வெல் 1946இல் எழுதிய கட்டுரையிலிருந்து தொடங்கினேன். இந்தப் பாடத்தை நடத்துபவர்கள் பலரும் அங்கேதான் தொடங்குகிறார்கள். கட்டுரையின் முடிவில் எழுதுபவருக்கு ஆறு விதிகள் இருக்கின்றன. செய்வினையில் சொல்ல முடிகிற இடத்தில் செயப்பாட்டு வினை வேண்டாம் என்பது நான்காவது. நான் செய்த தவறு, அந்த ஒரு விதியை மட்டும் பெரிதாகக் கரும்பலகையில் எழுதியது.

மாணவர்களுக்கு அது மிகவும் பிடித்துப்போயிற்று. ஏன் பிடிக்காது? அரசியல் பேச்சு என்ற வழுக்குப் பாறையில் கைக்குப் பிடிமானமாக ஓர் இலக்கணக் குறி கிடைத்துவிட்டதே. அரசு அறிக்கைகளையும் தலைவர்களின் உரைகளையும் கொடுத்தேன். சிவப்பு மையால் அடிக்கோடிட்டுக்கொண்டே போனார்கள். கோடு அதிகமாக இருந்தால் பொய்யர், குறைவாக இருந்தால் யோக்கியர். இரண்டு வகுப்பு முடிவதற்குள் எல்லோருமே அரசியல் ஆய்வாளர்கள் ஆகிவிட்டார்கள். நானும் மகிழ்ச்சியோடுதான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாவது வகுப்பில் பின்வரிசை மாணவி ஒருவர் கையைத் தூக்கினார். அவர் அடிக்கோடிட்டிருந்தது அரசு அறிக்கையில் அல்ல, ஆர்வெல்லின் கட்டுரையிலேயே. அதிகம் மேற்கோள் காட்டப்படும் பத்தி அது. ஆதரவற்ற கிராமங்கள் வானிலிருந்து தாக்கப்படுகின்றன, மக்கள் துரத்தப்படுகிறார்கள், கால்நடைகள் சுட்டுத் தள்ளப்படுகின்றன, குடிசைகள் கொளுத்தப்படுகின்றன, இதற்குப் பெயர் அமைதிப்படுத்தல் என்று அங்கே சொல்கிறார் அவர்.

“சார், இதில் வரும் வினை எல்லாமே செயப்பாட்டு வினை. யார் குண்டு போட்டார்கள், யார் சுட்டார்கள் என்று எங்கேயும் இல்லை. அப்படியென்றால் இவரும் மறைக்கிறாரா?”

வகுப்பு சிரித்தது. இன்னொருவர் கட்டுரையின் முதல் வாக்கியத்தைப் புரட்டி, அங்கேயே ‘பொதுவாகக் கருதப்படுகிறது’ என்ற பொருளில் ஒரு தொடர் இருப்பதைக் காட்டினார். யார் கருதுகிறார்கள்? பதில் இல்லை. அநாகரிகமாக எதையாவது எழுதுவதைவிட இந்த விதிகளை மீறிவிடலாம் என்று சொல்லும் ஆறாவது விதியைச் சரணடைந்து அன்றைக்குத் தப்பினேன். அது பதிலாகாது என்று அவர்களுக்கும் தெரிந்தது, எனக்கும் தெரிந்தது.

அன்று மாலை அந்தப் பத்தியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். மாணவி சொன்னது இலக்கணப்படி முழுக்கச் சரி. ஆனால் அந்தப் பத்தி எதையும் மறைக்கவில்லை. தீயும் பிணமும் வாசகன் கண்ணுக்கு முன்னால் கிடக்கின்றன. குண்டு போட்ட விமானியின் பெயரைச் சேர்த்திருந்தால் கண் கிராமத்தை விட்டு விமானிக்குப் போயிருக்கும். அங்கே எழுத்தாளருக்கு விமானி வேண்டாம். கடைசியில் ‘அமைதிப்படுத்தல்’ என்று பெயர் சூட்டியவர்தான் வேண்டும். மறைப்பு அந்தப் பெயரில் இருக்கிறது, வினையில் இல்லை. ஆக, நான் மாணவர்களுக்குக் கொடுத்தது வாசிக்கும் கருவி இல்லை, சல்லடை. அதில் நல்ல வாக்கியமும் மாட்டுகிறது; கெட்ட வாக்கியம் சுலபமாக ஒழுகிப் போகிறது.

அடுத்த வகுப்பில் விதியை அழித்துவிட்டு இரண்டு கேள்விகளை எழுதினேன். இந்த வாக்கியத்தில் யார் இல்லை? அவர் இல்லாததால் யாருக்கு லாபம்?

ஆறு வாக்கியங்கள், இரண்டு வகுப்புகள்

கேள்வியைச் சோதிக்க எடுத்துக்கொண்டது 1987ஆம் ஆண்டு ஜனவரி 27 அன்று அமெரிக்க அதிபர் ரொனால்ட் ரீகன் நாடாளுமன்றத்தில் ஆற்றிய ஆண்டு உரையின் ஒரு பத்தி. பின்னணி சுருக்கமாக: ஈரானுக்கு அமெரிக்கா இரகசியமாக ஆயுதம் விற்ற செய்தி 1986 நவம்பரில் வெளியே வந்தது. லெபனானில் பிடித்துவைக்கப்பட்டிருந்த அமெரிக்கர்களை மீட்பதோடு அந்த விற்பனை பின்னிக் கிடந்தது. அந்த மாதம் 13ஆம் தேதி தொலைக்காட்சியில் பேசிய ரீகன், பிணைக்கைதிகளுக்கு மாற்றாக ஆயுதமோ வேறெதுவோ கொடுக்கவில்லை என்று அழுத்தி, ஒரு முறைக்கு இருமுறை மறுத்தார். ஜனவரி உரை அதற்கு இரண்டரை மாதம் பிந்தியது.

அந்த உரையிலிருந்து உலகம் நினைவில் வைத்திருப்பது ‘தவறுகள் செய்யப்பட்டன’ என்ற துணுக்கை மட்டுமே. அது ரீகன் கண்டுபிடித்த தொடரும் அல்ல. அதிபர் கிராண்ட் 1876இலேயே அதற்கு மிக நெருக்கமான ஒன்றைச் சொல்லியிருக்கிறார். என்றாலும், மழுப்பலுக்கு எடுத்துக்காட்டு கேட்டால் முதலில் இந்தத் துணுக்கைத்தான் நீட்டுவார்கள். நானும் முதலில் அதை மட்டும்தான் கொடுத்தேன். தீர்ப்பு ஒரு நிமிடத்தில் வந்தது: ஒளிந்துகொள்கிறார். பிறகு முழுப் பத்தியையும் கொடுத்தேன். என் தமிழில் அது ஏறக்குறைய இப்படி வரும்:

ஈரானில் நமது நடவடிக்கை தொடர்பாக நான் ஒரு துணிகரத்தில் இறங்கினேன். அது பலிக்கவில்லை, அதற்கு முழுப் பொறுப்பையும் நான் ஏற்கிறேன். நோக்கங்கள் உயர்ந்தவை. முக்கியமான ஒரு நாட்டோடு தொடர்பு ஏற்படுத்த முயன்றதோ உயிர்களைக் காக்க முயன்றதோ தவறு என்று நான் நம்பவில்லை. கொடுமையான சிறையிலிருந்த நம் குடிமக்களுக்கு விடுதலை தேட முயன்றது நிச்சயமாகத் தவறில்லை. ஆனால் விரும்பியதை அடையவில்லை, அந்த முயற்சியில் கடுமையான தவறுகள் செய்யப்பட்டன.

வகுப்பு இரண்டாகப் பிளந்துபோயிற்று. பாதிப்பேர் கட்சி மாறினார்கள். “முழுப் பொறுப்பும் நான் ஏற்கிறேன் என்று முன்னாலேயே சொல்லிவிட்டாரே, அதை ஏன் யாரும் மேற்கோள் காட்டுவதில்லை?” நியாயமான கேள்வி. துணுக்கை மட்டும் காட்டுவதும் ஓர் அரசியல் மொழிதான், அதை நானே பத்து நிமிடம் முன்பு செய்திருந்தேன். இதை ஒப்புக்கொண்ட பிறகுதான் பத்தியை நிதானமாகப் படிக்க முடிந்தது.

எழுவாய்களை மட்டும் வரிசையாக எழுதச் சொன்னேன். நான். அது. மறுபடி நான். நோக்கங்கள். நான். முயன்றது. கடைசி வாக்கியத்தில் ஆங்கிலத்தின் ‘நாம்’. பிறகு தவறுகள். துணிகரத்துக்கு ‘நான்’ இருக்கிறது. பொறுப்புக்கும் நம்பிக்கைக்கும் ‘நான்’ இருக்கிறது. தோல்விக்கு வரும்போது அது ‘நாம்’ ஆகி, தவறுக்கு வரும்போது ஆளே இல்லை. ஆறு வாக்கியத்துக்குள் ஒரு மனிதர் மேடையின் நடுவிலிருந்து மெல்ல நகர்ந்து திரைக்குப் பின்னால் போய்விடுகிறார். கடைசி வாக்கியத்தை மட்டும் பார்ப்பவனுக்கு இந்த நடை தெரியாது.

இந்த இடத்தில்தான் திட்டமிடாத ஒன்று நடந்தது. ஆங்கில வகுப்பில் தமிழ் பேசக்கூடாது என்ற எழுதாச் சட்டத்தை மீறி, கடைசி வாக்கியத்தைக் குழுவாக உட்கார்ந்து தமிழாக்கச் சொன்னேன். பத்து நிமிட வேலை என்று நினைத்தேன். இரண்டு வகுப்பு ஓடியது.

முதல் சண்டை ‘நாம்’ குறித்து. ஆங்கிலத்துக்கு அங்கே ஒரே சொல்தான். தமிழில் எழுத உட்கார்ந்தால் பேனா நகராது: நாமா, நாங்களா? ‘நாங்கள் விரும்பியதை அடையவில்லை’ என்றால் தோல்வி அதிபருக்கும் அவருடைய ஆட்களுக்கும். ‘நாம் விரும்பியதை அடையவில்லை’ என்றால் கேட்டுக்கொண்டிருக்கும் ஒவ்வொரு குடிமகனும் ஈரானுக்கு ஆயுதம் அனுப்பிய கணக்கில் சேர்ந்துவிடுகிறான். ஒரு குழு நாங்கள் என்றது. முந்தைய வாக்கியத்தில் ‘நம் குடிமக்கள்’ என்று வருகிறதே, அங்கே நாடு முழுவதும் அடக்கம்தானே, இங்கே மட்டும் எப்படி மாறும் என்று அடுத்த குழு மடக்கியது. முடிவு வரவில்லை. வரவும் கூடாது. ஆங்கிலச் சொல் இரண்டுக்கும் நடுவில் நின்றுகொண்டு, கேட்பவர் வசதிக்கேற்ப இரண்டு பக்கமும் தலையாட்டுகிறது. இது அவர்கள் வாயாலேயே வந்தபோது எனக்குக் கிடைத்த மகிழ்ச்சியைச் சொல்லி முடியாது. தமிழில் முன்னிலையாரைச் சேர்த்து ஒரு தன்மைப் பன்மை, விலக்கி ஒரு தன்மைப் பன்மை என்று சின்ன வயதிலிருந்தே பேசிவருகிறோம்; அது அரசியல் பேச்சைப் பிளந்து பார்க்கும் கத்தி என்று எனக்கே அதுவரை தோன்றவில்லை.

இரண்டாவது சண்டை வினைமுற்று குறித்து. பலகையில் மூன்று மொழிபெயர்ப்புகள் இருந்தன. தவறுகள் செய்யப்பட்டன. தவறுகள் நேர்ந்துவிட்டன. தவறு செய்துவிட்டோம்.

மூன்றாவதை எழுதிய குழுவைக் கேட்டேன். “தமிழில் அப்படித்தான் சார் சொல்வோம். செய்யப்பட்டன என்றால் யாரும் பேச மாட்டார்கள்” என்றார்கள். வாதம் சரி, முடிவு தவறு. மூலத்தைவிட யோக்கியமான மொழிபெயர்ப்பு அது. ரீகன் சொல்லாத ஒப்புதலை இவர்கள் அவருக்காகச் சொல்லிவிட்டார்கள். நல்ல மனம் படைத்த மொழிபெயர்ப்பாளர்கள் அரசியல்வாதிகளுக்குச் செய்யும் இலவச உதவிகளில் இதுவும் ஒன்று.

‘நேர்ந்துவிட்டன’ நேர் எதிர்த் திசையில் போகிறது. ‘செய்யப்பட்டன’ என்பதில் ஆள் இல்லாவிட்டாலும் ஆள் உட்கார ஒரு நாற்காலி காலியாகக் கிடக்கிறது, ‘யாரால்?’ என்று கேட்டுவிடலாம். ‘நேர்ந்தன’ என்றால் நாற்காலியையும் எடுத்துப் போய்விட்டார்கள். மழை நேர்ந்தது, விபத்து நேர்ந்தது, தவறும் நேர்ந்தது. யாரால் நேர்ந்தது என்று கேட்டால் கேட்பவன்தான் அசடாகத் தெரிவான்.

ஏன் தமிழில் இப்படி என்று யோசித்ததில் வகுப்புக்கே ஒரு சின்ன இலக்கண ஆராய்ச்சி கைகூடியது. ஆங்கிலத்தில் எழுவாயைச் சொல்லித்தான் தீர வேண்டும். அதனால் அதைத் தவிர்க்கச் செயப்பாட்டு வினை தேவைப்படுகிறது. தமிழில் எழுவாயைத் தாராளமாக விட்டுவிடலாம். ஆனால் விட்டாலும் தப்ப முடியாது. ‘செய்தேன்’ என்றால் நான், ‘செய்தோம்’ என்றால் நாங்கள் அல்லது நாம், ‘செய்தார்’ என்றால் அவர். விகுதி காட்டிக்கொடுத்துவிடும். தமிழில் ஒளிய வேண்டுமானால் அஃறிணைக்குள்தான் ஒளிய வேண்டும். அதற்கு வழியும் தயாராக இருக்கிறது: உடைத்தேன் என்பதற்கு உடைந்தது, தொலைத்தேன் என்பதற்குத் தொலைந்தது, கவிழ்த்தேன் என்பதற்குக் கவிழ்ந்தது. கண்ணாடிச் சில்லுகளுக்கு நடுவே நிற்கும் குழந்தை ‘கண்ணாடி என்னால் உடைக்கப்பட்டது’ என்று ஒருநாளும் சொல்லாது. ‘உடைஞ்சுபோச்சு’ என்றுதான் சொல்லும். அந்தக் குழந்தைக்கு யாரும் தன்வினை, பிறவினை கற்றுக்கொடுக்கவில்லை.

செயப்பாட்டு வினையே இல்லாத மறைப்பு

இந்தக் கண்ணோடு, அதே விவகாரம் குறித்து ரீகன் 1987 மார்ச் 4 அன்று பேசிய உரைக்குப் போனோம். விசாரணைக் குழு ஒன்று அதற்குச் சில நாள் முன்பு அறிக்கை கொடுத்திருந்தது. ஆயுதங்களைப் பிணைக்கைதிகளுக்கு மாற்றாகக் கொடுக்கவில்லை என்று சில மாதங்களுக்கு முன்பு மக்களிடம் சொன்னேன், என் இதயமும் நல்லெண்ணமும் இன்னும் அதுதான் உண்மை என்கின்றன, ஆனால் தகவல்களும் சான்றுகளும் அப்படி இல்லை என்கின்றன என்றார். ஈரானோடு உறவுக்கு வழி திறக்கும் முயற்சியாகத் தொடங்கியது, செயல்படுத்தும்போது சீரழிந்து பண்டமாற்றாகிப்போனது என்றும் சொன்னார்.

இயந்திரவியல் படிக்கும் மாணவர் ஒருவர், முதல் வாரத்தில் சிவப்பு மை அதிகம் செலவழித்தவர், தாளையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்: “இதில் செயப்பாட்டு வினை ஒன்றுகூட இல்லை சார். ஆளும் இல்லை.”

இதயம் பேசுகிறது, சான்று பேசுகிறது, முயற்சி தானே தொடங்கித் தானே சீரழிகிறது. எல்லாம் சுத்தமான செய்வினை. ரீகன் தாமாகச் செய்ததாக அங்கே வருவது, மக்களிடம் சொன்னது மட்டும்தான். முதல் வாரத்துச் சல்லடையில் இந்தப் பத்தி முழு மதிப்பெண் வாங்கியிருக்கும்.

நியாயத்துக்காக ஒன்றைச் சொல்ல வேண்டும். அதே உரையில் தம்முடைய செயல்களுக்கும் தம் நிர்வாகத்தின் செயல்களுக்கும் முழுப் பொறுப்பு ஏற்பதாக அவர் சொல்கிறார். நடந்ததற்குக் காரணங்கள் உண்டு, சமாதானம் கிடையாது, அது தவறு என்றும் சொல்கிறார். ஜனவரிக்கும் மார்ச்சுக்கும் நடுவே உண்மையாகவே ஒரு நகர்வு இருக்கிறது. அதைக் காணாதவர்களுக்கு மதிப்பெண் குறைத்தேன். அரசியல்வாதி என்றாலே பொய் என்று எழுதுவது சோம்பேறித்தனம், வாசிப்பு அல்ல. ஆனால் உரையின் முடிவுப் பகுதியில், தவறு செய்தால் என்ன ஆகும் என்று சொல்லும் இடத்தில், அவர் ‘நான்’ என்பதை விட்டு ஆங்கிலத்தின் பொதுவான ‘நீங்கள்’ என்பதற்கு மாறுகிறார். அடிகளை வாங்கிக்கொள்கிறீர்கள், பாடம் கற்கிறீர்கள், மேலே நடக்கிறீர்கள் என்ற பாணி. இதையும் தமிழாக்கினார்கள். பெரும்பாலோர் எழுதியது: அடி வாங்கிக்கொள்ள வேண்டும், பாடம் கற்க வேண்டும், நடக்க வேண்டும். ‘வேண்டும்’ வந்தவுடன் நான், நீ, அவன் எல்லாமே கரைந்துபோய்விடுகிறது. அறிவுரைக்குத் தமிழ் வைத்திருக்கும் இந்த வினை, தப்பிப்பதற்கும் எவ்வளவு வசதி!

பெயர்ச்சொற்கள் பற்றிச் சிறிது

மூன்றாம் வாரத்தில் ஒரு வகுப்பைப் பெயர்சூட்டலுக்கு ஒதுக்கினேன். தமிழ் இலக்கணம் தகுதி வழக்கு என்று மூன்றைச் சொல்கிறது. செத்தார் என்பதைத் துஞ்சினார் என்பது மங்கலம். சபையில் சொல்லக் கூசுவதைச் சுற்றிச் சொல்வது இடக்கரடக்கல். பொற்கொல்லர் பொன்னைப் ‘பறி’ என்பதுபோல ஒரு கூட்டத்தார் தங்களுக்குள் வைத்துக்கொள்வது குழூஉக்குறி. இந்த மூன்று பெட்டிகளையும் வைத்துவிட்டு, 1984இல் அமெரிக்க வெளியுறவுத் துறை செய்ததைக் கொடுத்தேன். மனித உரிமை அறிக்கைகளில் ‘கொலை’ என்ற சொல்லைக் கைவிட்டு, ‘சட்டத்துக்குப் புறம்பான அல்லது தன்னிச்சையான உயிரிழப்புக்கு உள்ளாக்கல்’ என்ற பொருளில் ஒரு தொடரை வைத்தார்கள். ஆங்கில ஆசிரியர் அமைப்பு ஒன்று அந்த ஆண்டு மழுப்பல் மொழிக்கான தன் விருதை அவர்களுக்குக் கொடுத்தது.

எந்தப் பெட்டி? மங்கலம் என்றார்கள் சிலர். முன்வரிசை மாணவி மறுத்தார். “துஞ்சினார் என்றால் செத்துவிட்டார் என்று எல்லோருக்கும் தெரியும். துக்கப்படுபவர் மனம் நோகக்கூடாது என்று அப்படிச் சொல்கிறோம். இங்கே யார் மனம் நோகக்கூடாது?” இதற்கு மேல் நான் சொல்ல ஒன்றும் இருக்கவில்லை. என் பங்குக்கு ஒன்று மட்டும் சேர்த்தேன்: குழூஉக்குறி அந்தக் கூட்டத்துக்குள் இருக்கும்வரை வெறும் தொழில்மொழி, ஊராருக்கான அறிக்கையில் வந்து உட்கார்ந்தால்தான் அதற்கு வேறு வேலை வந்துசேர்கிறது.

தங்கள் வாக்கியத்தில் யார் இல்லை

அதிபர்களைப் பிடிப்பது சுலபம். அவர்கள் பதில் பேச மாட்டார்கள். எழுதும் பகுதிக்கு வந்தபோது பணியை மாற்றினேன். நீங்கள் ஒரு குழுவில் இருந்து, உங்களால் ஒரு வேலை கெட்டது. அந்தக் குழுவினருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். ஒரு பக்கம் போதும்.

இயந்திரவியல் மாணவரின் மூன்று வரைவுகள் என்னிடம் இருக்கின்றன. அவர் அனுமதியோடு இங்கே பேசுகிறேன். ஆங்கிலத்தில் எழுதியவற்றை என் தமிழில் தருகிறேன். முதல் வரைவின் மையமான வாக்கியம்: குழுவினரிடையே தகவல் பரிமாற்றத்தில் ஏற்பட்ட குறைபாடு காரணமாக இறுதிப் பகுதி முழுமை பெறவில்லை.

மூன்று வாரம் ரீகனைத் துளைத்தெடுத்தவர் எழுதியது இது. அவர் ஏமாற்ற நினைக்கவில்லை. அலுவலகக் கடிதம் என்றால் இப்படித்தான் இருக்கும் என்று நம்பி, மரியாதையாக எழுதியிருந்தார். ஓரத்தில் நான் ஒன்றும் எழுதவில்லை. வகுப்பின் இரண்டு கேள்விகளை மட்டும் எழுதினேன்.

இரண்டாம் வரைவு மறுகோடிக்குப் போயிற்று. நடந்த எல்லாவற்றுக்கும் நான் முழுப் பொறுப்பையும் ஏற்கிறேன், நான் மனமார வருந்துகிறேன், நான் மிகவும் வெட்கப்படுகிறேன், நான் இனி ஒருபோதும் இப்படி நடந்துகொள்ள மாட்டேன். பக்கம் முழுக்க ‘நான்’. செய்வினை மட்டுமே. ஆனால் அவர் என்ன செய்தார் என்று அந்தக் கடிதத்திலிருந்து யாராலும் கண்டுபிடிக்க முடியாது. இதைக் கையில் வைத்துக்கொண்டுதான் ஜனவரி உரையின் இரண்டாம் வாக்கியம் எனக்கே சரியாகப் புரிந்தது. ‘அது பலிக்கவில்லை, அதற்கு முழுப் பொறுப்பையும் ஏற்கிறேன்.’ எதற்கு? பலிக்காததற்கு. செய்ததற்கு அல்ல. பலித்திருந்தால் பொறுப்பேற்க ஒன்றுமே இருந்திருக்காது. இத்தனை ஆண்டு இந்த உரையைப் பாடமாக நடத்தியவன் இதை ஒரு பதினெட்டு வயது மாணவரின் மன்னிப்புக் கடிதத்திலிருந்து தெரிந்துகொண்டேன்.

அவரை அழைத்துப் பேசினேன். “நீங்கள் வருந்துவது இருக்கட்டும். செவ்வாய்க்கிழமை என்ன நடந்தது?” என்று கேட்டேன். கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னார். “அதையே எழுதிக்கொண்டு வாருங்கள்” என்றேன். மூன்றாம் வரைவு: வரைபடங்களை நான் போடுவதாகச் சொல்லியிருந்தேன். செவ்வாய் மாலைவரை கோப்பைத் திறக்கவே இல்லை. நீங்கள் இருவரும் கேட்டபோது பாதி முடிந்துவிட்டது என்றேன். ஒன்றும் முடியவில்லை. நீங்கள் இரவெல்லாம் விழித்துப் போட்டீர்கள்.

இதில் ‘பொறுப்பு’ என்ற சொல் இல்லை. ‘மன்னிப்பு’ கடைசி வரியில் ஒரே ஒரு முறை வருகிறது. முந்தைய இரண்டில் இல்லாத இரண்டு பேர் இங்கே வந்திருக்கிறார்கள், அதுதான் எனக்குப் பெரிதாகப் பட்டது. முதல் வரைவில் ஆளே இல்லை, இரண்டாவதில் தாம் மட்டும், மூன்றாவதில்தான் விழித்திருந்த அந்த இருவரும். ‘யார் இல்லை’ என்ற கேள்வியைக் குற்றவாளியைத் தேடும் கேள்வியாகவே அதுவரை வைத்திருந்தேன். பாதிக்கப்பட்டவரும் வாக்கியத்திலிருந்து காணாமல் போகலாம் என்பதை அவருடைய கடிதம்தான் காட்டியது.

எல்லோருக்கும் இப்படி அமைந்தது என்று சொல்ல மாட்டேன். நல்ல பாதிப்பேர் இரண்டாம் வரைவோடு நின்றுவிட்டார்கள்; உணர்ச்சி வழிந்தால் உண்மை வந்துவிட்டது என்று நினைத்தார்கள். சிலர் எல்லா வாக்கியத்தையும் சந்தேகிக்கும் நோய்க்கு ஆளானார்கள். ஒருவர் வேதியியல் ஆய்வக அறிக்கையில் ‘கரைசல் சூடாக்கப்பட்டது’ என்பதை ‘நான் கரைசலைச் சூடாக்கினேன்’ என்று மாற்றி எழுதி, அங்கே மதிப்பெண் இழந்து, நேராக என்னிடம் வந்தார். கரைசலை யார் சூடாக்கினாலும் அதே வெப்பத்தில்தான் அது கொதிக்க வேண்டும், அதனால் அங்கே உங்கள் பெயர் தேவையில்லை என்று விளக்கினேன். முதல் வாரத்தில் அந்த விதியைப் பெரிதாக எழுதிப் போட்ட கை என்னுடையது என்பதால் அதிகம் பேச வாயில்லை.

பாடத்திட்டத் தாள்

நான்காம் வாரத்தின் இறுதி வகுப்பில், நீங்கள் அன்றாடம் படிக்கும் ஏதேனும் ஓர் அறிவிப்பை எடுத்துவாருங்கள் என்றிருந்தேன். பேருந்து அறிவிப்பு, வங்கிக் குறுஞ்செய்தி, செயலிகளின் நிபந்தனைகள் என்று வந்தன. பின்வரிசை மாணவி கொண்டுவந்தது என்னுடைய பாடத்திட்டத் தாள். பருவத் தொடக்கத்தில் நானே அச்சிட்டுக் கொடுத்தது. அதன் கீழ்ப்பகுதியில் தடித்த எழுத்தில் இருந்தது: காலக்கெடுவுக்குப் பின் அளிக்கப்படும் ஒப்படைப்புகள் எக்காரணம் கொண்டும் ஏற்றுக்கொள்ளப்படமாட்டா.

“யாரால் சார்?” என்றார்.

அந்த வாக்கியத்தை நான் எழுதவும் இல்லை. எனக்கு முன் இதே பாடத்தை நடத்தியவர்களின் தாளிலிருந்து வந்தது. அவர்களுக்கும் அப்படித்தான் வந்திருக்கும். பல ஆண்டுகளாக அது யாருடைய வாயும் இல்லாமல் பேசிக்கொண்டிருக்கிறது. அன்றே வகுப்பின் முன்னால் திருத்த உட்கார்ந்தேன். ‘காலக்கெடு தாண்டிக் கொடுத்தால் நான் வாங்க மாட்டேன்’ என்று எழுதினேன். எழுதியதும் ‘எக்காரணம் கொண்டும்’ என்பது இடித்தது. விதி எக்காரணம் கொண்டும் ஏற்காது, சரி. நான்? உடல்நலமில்லாமல் கிடந்துவிட்டு வருபவரிடம் எக்காரணம் கொண்டும் வாங்க மாட்டேன் என்று என் வாயால் சொல்வேனா? சொல்ல மாட்டேன். ஆகவே அதை அடித்துவிட்டு, ‘காரணம் இருந்தால் கெடு முடியும் முன்பே என்னிடம் சொல்லுங்கள்’ என்று சேர்த்தேன். எழுவாயை மாற்றப் போய் விதியே மாறிவிட்டது. இல்லை, மாற்றினேன்.

பருவத்தின் கடைசி ஒப்படைப்புக்குக் கெடு வெள்ளிக்கிழமை. திங்கட்கிழமை காலை இயந்திரவியல் மாணவர் அறை வாசலில் நின்றார். கையில் கட்டுரை. உடல்நலம் சரியாகத்தான் இருந்தது. முன்னதாக ஒன்றும் சொல்லவில்லை.

“தாமதமாகிவிட்டது சார்” என்று தொடங்கியவர், பாதியில் நிறுத்திவிட்டு, “தாமதமாக்கிவிட்டேன்” என்றார்.

இரண்டுபேருமே சிரித்துவிட்டோம். சிரிப்பு அடங்கியபின் அவர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். பழைய தாளாக இருந்தால் ‘ஏற்றுக்கொள்ளப்படமாட்டா’ என்ற வரியைக் காட்டி அனுப்பியிருக்கலாம். புதிய தாளில் அந்த வசதி இல்லை. “நான் வாங்கிக்கொள்ளவில்லை” என்றேன்.